முட்டுக் கொடுத்த மரம்

இலங்கையின் நுவரெலியாவுக்குத் தோட்டக்காரனாக வந்த முதல் வாரத்தில் நான் கண்ட விசித்திரம், தலையைத் தரையில் போட்டு நின்ற ஒரு மரம். துரை பங்களா வாசலில் ஆள் உயரத்துக்கு நேரான தண்டு; உச்சியிலிருந்து கிளைகள் எல்லாம் கீழே தொங்கின. இலை வருமுன்பே வெளிர் சிவப்பாகப் பூத்திருந்தது. பூப்பாரம் தாங்கவில்லை என்று நினைத்தேன். நாஞ்சில் நாட்டான் வேறென்ன நினைப்பான்? ஆரல்வாய்மொழிக் காற்றுக்குக் குலைவாழை சாய்ந்தால் செய்வதையே செய்தேன். மூங்கில் வெட்டிவந்து, கிளை கிளையாகத் தூக்கி முட்டுக் கொடுத்தேன்.

துரைசாணி வந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். சந்தோஷமாக்கும் என்று நானும் சிரித்தபடி அடுத்த கம்பை எடுத்தேன். "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினாள். சமையற்காரர் மீரான், குளச்சல்காரர், அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்.

"ஏலே மக்கா, என்னல வேலை பண்ணிப்போட்ட? அதுக்க குணமே தொங்கப்பட்டதுதாம். வீப்பிங் செர்ரி, அழுற மரம். பூவப் பாக்கதுக்கு வச்சிருக்காவ."

அழகுக்காக ஒரு மரத்தை அழவைத்திருக்கிறார்கள்! எனக்கு எரிச்சலாக வந்தது. அது ஒட்டுமரம் என்றும் மீரான் சொன்னார். வேரும் தண்டும் வேறொரு மரத்துடையவை; அழும் கிளையை உச்சியில் ஒட்டியிருக்கிறார்கள். வேரிலிருந்து கன்று கிளம்பினால் நேராக வளர்ந்துவிடும். கண்டதும் வெட்ட வேண்டும். அதுதான் இனி என் வேலை.

நிமிர்ந்ததை வெட்டுகிறவர்களை எனக்கு ஊரிலேயே தெரியும். பழையாற்றங்கரையில் பண்ணையார் எதிரே வந்தபோது தோள்துண்டை எடுத்து நான் இடுப்பில் கட்டவில்லை. அதற்காக எனக்கு அறுப்பு வேலை தரக்கூடாதென்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். ஒரு துண்டுக்காக! அந்தத் துண்டோடுதான் கப்பலேறினேன்.

ஆகவே, வேரில் ஒரு கன்று தலைநீட்டியபோது வெட்டவில்லை. வேரோடு தோண்டி, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நட்டேன். மூன்று வருஷத்தில் என் தலைக்கு மேலே போனது. துரை கண்டுவிட்டார். பிடுங்காவிட்டால் பங்களா வேலை கிடையாது என்று மீரானிடம் சொல்லி அனுப்பினார்.

"பிடுங்கிருல மக்கா. ஒரு மரத்துக்காவயா வேலைய விடப்போற?"

"மாட்டேன் அண்ணாச்சி. அது அதுக்க பாட்டுக்கு நிக்கி."

மறுநாளே தேயிலை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒற்றை மரத்தைப் பிடுங்க ஆள் அனுப்பத் துரைக்கே வெட்கமாக இருந்திருக்கும், அது தப்பித்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, இந்த மாசியில் அது பூத்தது. சின்ன வெள்ளைப் பூ. யாரும் நின்று பார்ப்பதில்லை. அது நிற்கும் மண் என்னுடையதல்ல, ஊரிலும் எனக்கு மண் கிடையாது. குளித்துவிட்டு வந்து அதன் கிளையில்தான் துண்டைக் காயப் போடுகிறேன். இந்தக் குளிரில் எதுவும் லேசில் காயாது.

தம்பி கடிதம் போட்டிருக்கிறான்: 'அண்ணே, வந்திரு. பண்ணையார் மன்னிச்சாச்சு. துண்ட மட்டும் இடுப்புல கெட்டிட்டு வா.'

துண்டு இன்னும் காயவில்லை என்று பதில் எழுதினேன்.