குடத்துக்குள் பாடியவர்

திருவொற்றியூர் மோமோ கடையில், தட்டை நீட்டிய நேபாளிப் பையனின் செல்போனில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வார்த்தை புரியவில்லை. குடத்துக்குள்ளிருந்து வருவது போன்ற அந்தக் குரல் மட்டும் எனக்குத் தெரிந்த குரல்.

நான் சிறுமியாக இருந்தபோது, ராயபுரத்தில் எங்கள் பக்கத்து அறையில், பகதூர் என்று எல்லோரும் கூப்பிட்ட நேபாளி ஒருவர் இருந்தார். அவருடைய உண்மைப் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து ஈர லுங்கியோடு வந்ததும் பாட ஆரம்பிப்பார். துறைமுகத்தில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் என் அப்பா, நைனா, சுவரைத் தட்டுவார்.

"யோவ் பகதூரு, மன்சன் தூங்க வாணாமா? பேஜாரா கீதுய்யா."

மறுநாளிலிருந்து பகதூர் காலிக் குடத்துக்குள் முகத்தை வைத்துப் பாடினார். சுவரில் காதை வைத்தால்தான் எனக்குக் கேட்கும். பிறகு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை.

பையன் செல்லைத் திருப்பிக் காட்டினான். மேடை, பெருங்கூட்டம். நரைத்துப்போன பகதூர் ஒரு பித்தளைக் குடத்துக்குள் குனிந்து பாடிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்ல பெரிய பாட்டுக்காரர் அக்கா. எப்பவும் இப்டித்தான் பாடுவார். ஏன்னு யாருக்கும் தெரியாது. போன வாரம் செத்துட்டார்."

நைனா செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர் தூக்கம் கலையக் கூடாதென்று அந்த மனிதர் கடைசிவரை குனிந்தே பாடியிருக்கிறார்.