அப்பா டிக்கெட் எடுத்த படம்

எங்கள் வீட்டில் சினிமா கிடையாது. ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு மூப்பர். கணவர் இறந்து நான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்த பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. படம் பார்க்க ஆசை வந்தால், யாராவது அனுப்பும் திருட்டுப் பிரதியைப் போனில் இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். தியேட்டருக்குப் போனால் சபைக்காரர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். போனில் பார்ப்பது யாருக்கும் தெரியாது. அது திருட்டு என்று ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை.

எழுபத்திரண்டு வயதில் அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று நாள் இருவரும் பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு டயாலிசிஸுக்குப் போவோம். நான்கு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் கிடக்க வேண்டும். முதலில் வேதாகமம் வாசித்தார். பிறகு எழுத்து கண்ணில் நிற்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தபடி கிடப்பார்.

ஒரு நாள் அவரே கேட்டார்.

“ஏட்டி, ரூமுக்குள்ள இருந்து போன்ல என்னமோ பாப்பியே, அதக் கொடு.”

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்த வாரம் வெளியான படம் ஒன்று போனில் இருந்தது. போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிடம் பார்த்திருப்பார்.

“இது யாரு குறுக்க போறது?”

“தியேட்டர்ல யாரோ எந்திரிச்சுப் போறாங்கப்பா. உள்ள உக்காந்து போன்ல எடுத்திருக்காங்க.”

“அப்ப அங்க இருக்கவங்க டிக்கெட் எடுத்திருப்பாங்க. நாம?”

அப்பா போனைக் கவிழ்த்து மார்பில் வைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் செட்டியார்பட்டிக்காரர் ஒருவர். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், ஐம்பது வயதுகூட இராது. எனக்கு அந்தப் படத்தை அனுப்பியதே அவர்தான். “அண்ணாச்சி, ஊரே இப்படித்தான் பாக்கு. நாலு பேரு குடும்பத்தோட தியேட்டருக்குப் போனா எம்புட்டு ஆகும் தெரியுமா?” என்றார்.

“எனக்கு வேண்டாம்ப்பா” என்றார் அப்பா.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கோபம். “நாலு மணி நேரம் அசையாம கிடக்கீங்க. ஒரு படம் பாத்தா என்ன பாவம்?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மில்லுல சேந்த புதுசு. டூரிங் கொட்டகைல இடைவேளை விட்டப்ப, கூட்டத்தோட கூட்டமா டிக்கெட் இல்லாம உள்ள போயிட்டேன். கொட்டகைக்காரன் சட்டையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தான். எங்கூட வேல பாக்குறவங்க பூராம் பாத்தாங்க. அதுக்குப் பொறவு போகல. பக்திக்காக விட்டேன்னு சபைல நெனைக்காங்க. பக்தி பொறவு வந்ததுதான். மொதல்ல விட்டது வெக்கத்துல.”

நாற்பத்தைந்து வருடமாக நான் பயந்த மனிதர் இவர்தானா என்று இருந்தது. வீடு வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ரீசார்ஜ் கடையில் விசாரித்தேன். மாதாமாதம் போடும் ரீசார்ஜோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் படம் பார்க்கிற ஆப் ஒன்றும் சேர்ந்து வரும் என்றார் கடைக்காரர். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர எங்களுக்கு ஆகும் பஸ் கட்டணத்தையும் டீச் செலவையும்விடக் குறைவுதான். ஐந்து நிமிட வேலை. இத்தனை வருடம் அதைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

“படம் எடுத்தவங்களுக்கு இதுல ஏதாச்சும் போகுமா?” என்று அப்பா கேட்டார்.

“போகும்ப்பா.”

“அப்பச் சரி.”

அதன்பின் அவருக்கு அந்த நான்கு மணி நேரம் பெரிதாகத் தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து அடுத்த முறை தொடர்வார். செட்டியார்பட்டிக்காரர் எட்டி எட்டிப் பார்ப்பார். அவர் போனில் படத்துக்கு நடுவே சூதாட்ட விளம்பரம் வரும். சில படம் பாதியிலேயே நின்றுபோகும். ஒரு மாதம் பொறுத்துவிட்டு, “தங்கச்சி, அத எனக்கும் போட்டுத் தா” என்று போனை நீட்டினார். அவருக்கு அப்பாவைப் போல மன உறுத்தல் ஒன்றும் இல்லை. விலை கட்டுப்படியானது, தொந்தரவு இல்லை, அவ்வளவுதான். அந்த அறையில் இன்னும் இரண்டு பேர் அதே காரணத்துக்காக மாறினார்கள். உபதேசம் செய்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அப்பா தியேட்டருக்குப் போகலாம் என்றார். காலைக் காட்சி. போனில் டிக்கெட் எடுக்கிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. கவுண்டரில் அவரே பணம் கொடுத்து, சீட்டை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். வாசலில் எங்கள் சபை அம்மா ஒருவர் மகளோடு நின்றிருந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அப்பா நேரே போய், “ஸ்தோத்திரம்மா” என்றார். அந்த அம்மாதான் கையிலிருந்த டிக்கெட்டை முந்தானைக்குள் மறைத்தார்.

இடைவேளைக்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. பாதியிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

“மிச்சத்த நான் தாரேன் அண்ணாச்சி, வாட்ஸப் குரூப்ல வந்துருச்சு” என்றார் செட்டியார்பட்டிக்காரர், அடுத்த டயாலிசிஸின்போது.

“ஆப்ல வரட்டும்ப்பா. எனக்கென்ன அவசரம்.”

அவர் அப்படிச் சொன்னபோது, அதுவரை இருப்பாரா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் படம் ஒரு மாதத்தில் ஆப்பில் வந்தது. அவரும் இருந்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவே நான் போனைப் பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். முடிவு சரியில்லை என்று இருவருக்கும் ஒரே சண்டை. நர்ஸ் வந்து அதட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்குச் செட்டியார்பட்டிக்காரர் பஸ்ஸில் வந்திருந்தார். கையில் ஊசிக்கட்டு அப்படியே இருந்தது. அன்றைக்கும் டயாலிசிஸ் முடித்துத்தான் வந்திருக்கிறார். எல்லோரும் போன பிறகும் பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னைக்கு ஒரு படம் பாத்தேன் தங்கச்சி. நல்ல படம். முடிஞ்சதும் அந்தக் கட்டிலப் பாத்துத் திரும்பிட்டேன், பேசுறதுக்கு. வேற யாரோ படுத்திருக்காவ.”

உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டிய உடம்பு அவருக்கு. உதட்டை நனைத்துக்கொண்டு, டம்ளரை என்னிடமே திருப்பித் தந்தார்.