அரசங்கொழுந்துத் தோடு

என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்தது. தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டு முடிச்சையும் நாத்தனார் போட வேண்டும். இவள்தான் நாத்தனார். பெண்ணுக்குப் பின்னால் எல்லார் கண்ணும் படும்படி நிற்க வேண்டும். இவள் காதிலோ துளை தூராமலிருக்கச் செருகிய வேப்பங்குச்சி.

முந்தின வருஷம் எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் தலைமுழுகியபோது ஒரு தோடு போயிற்று. ஒற்றைத் தோட்டை வைத்து என்ன செய்வது, அதுவும் வீட்டுச் செலவில் கரைந்தது. கவரிங் போட்டால் காது புண்ணாகிவிடும். இரவல் நகை அவளுக்கு ஆகாது.

"நான் வூட்டுலயே இருந்துக்கறேன். சித்தி மவ முடிச்சுப் போடட்டும்" என்றாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

கல்யாண மாப்பிள்ளையான மச்சான்தான் வழி சொன்னான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேட்டரி கடையில் வேலை அவனுக்கு. அதற்கு முன் புதுச்சேரியில் முலாம் போடும் பட்டறையில் இருந்தவன்.

"அக்காவுக்குச் செம்பு ஒத்துக்கும் மாமா. சின்ன வயசுல செம்புக் கம்பிதானே போட்டிருந்துச்சு. ஒரு நல்ல இலைமேல செம்ப ஏத்திடலாம்."

எப்படி என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். புரியாததைத் திருப்பிக் கேட்கவும் கூச்சம்.

அரசங்கொழுந்தைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்தேன். வார்னிஷ் தடவி, அது பிசுபிசுவென்று இருக்கும்போதே, கரண்டு பாய்வதற்காகக் கிராபைட் பொடியை மெல்லத் தேய்த்தேன். பிளாஸ்டிக் டப்பாவில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர், அதில் கொஞ்சம் பேட்டரி ஆசிட். ஒரு பக்கம் செம்புத் தகடு, மறு பக்கம் கம்பியில் கட்டிய இலை. இரண்டையும் ஒரு டார்ச் லைட் பேட்டரிக் கட்டையோடு இணைத்துவிட்டால், செம்பு தானாக இலைமேல் படியும் என்றான்.

படியவில்லை. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கம்பிதான் தடித்திருந்தது. இலை கருப்பாகவே இருந்தது. வேறு இலை போட்டேன். கட்டையை மாற்றினேன். அதே கதைதான்.

"நம்ம ஊரு கோயில் கட்டுனவங்களுக்கு முனிவர் வன்னி இலையத்தான் கூலியா குடுத்தாராம். ஒழுங்கா வேல செஞ்சவங்க கையில பொன்னாச்சாம்" என்றாள் என் மனைவி, டப்பாவை எட்டிப் பார்த்து. "நீங்க இன்னா வேல செஞ்சீங்களோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கல்யாணத்துக்கு எடுத்த புடவையை அன்றைக்கே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. பத்திரிகை வைக்க வந்த மச்சான், நான் இன்னொரு இலை தயார் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பொடி தேய்த்து முடித்ததும் வழக்கம்போல் ஈரத் துணியால் காம்பைச் சுத்தமாகத் துடைத்தேன்.

"அத ஏன் மாமா தொடைக்கிறீங்க?"

"அடியத் தொடைக்கலன்னா தட்டுல ஒட்டிக்குமே."

"எந்தத் தட்டுல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலையே அதுதான். சாமானைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி எடுத்ததும் அடிப்பாகத்தை ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சூளையில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்காகச் செய்த கை, இலைக்கும் அதையே செய்திருக்கிறது. கம்பி கட்டும் காம்பில் பொடி இல்லையென்றால் கரண்டு எப்படி இலைக்குப் போகும்?

"அக்கா, உன் வூட்டுக்காரர் இலையச் சூளையில வேகவைக்கப் பாக்குறாரு" என்று அவன் கத்தினான். உள்ளேயிருந்து அவள் சிரிப்பது கேட்டது. எனக்கு வெட்கமே வரவில்லை. குற்றம் இலையில் இல்லை, சரிசெய்துவிடலாம் என்பதே போதும் என்றிருந்தது.

துடைக்காமல் கட்டிய இலையில் காம்பிலிருந்துதான் செம்பு கிளம்பியது. நரம்பு நரம்பாகப் பரவி நுனிவால் வரைக்கும் போனது. ஜோடி சேர்ந்ததும் புளி போட்டுத் தேய்த்தேன். கொக்கியும் செம்புக் கம்பிதான். அவள் குச்சியை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டாள். காது சிவக்கிறதா என்று நாலு நாள் நான் பார்த்தபடியே இருந்தேன். சிவக்கவில்லை. ஐந்தாம் நாள் பெட்டியிலிருந்து புடவை வெளியே வந்தது.

முகூர்த்தத்தன்று தூணோரமாக நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போனபோது அவள் குனிந்து மூன்றாவது முடிச்சைப் போட்டாள். இலை இரண்டும் கன்னத்தில் ஆடின. மேளம் ஓய்ந்ததும் ஒரு பெண் அவள் காதைப் பார்த்து ஏதோ கேட்டாள். "எங்க வூட்டுக்காரர் பண்ணது" என்று இவள் சொன்னது எனக்குக் கேட்டது.

பந்தியில் எதையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவன் நான். அன்றைக்குப் பாயசத்தை நானே கூப்பிட்டுக் கேட்டேன்.