நாடாவின் மிச்சத்தில் ஒரு பாட்டு

பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்காரனிடம், வெளிநாடு போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். யூசுப் பாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டில். மனைவி ஜமீலாவோடு துபாயில் இருக்கும் மகனிடம் புறப்பட்டிருந்தார். சென்னை பஸ்ஸின் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பாட்டுத் தட்டு ஒங்கிட்டயே இருக்கட்டும் தம்பி. அங்க போட்டுக் கேக்க மெஷின் இல்ல."

கொசுறு

கேசட் கடை வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். வாடிக்கையாளர் சீட்டில் எழுதி வந்த பாட்டையெல்லாம் ஏற்றிய பிறகும், கடைசியில் கொஞ்சம் நாடா மிஞ்சும். சும்மா விட்டால் கேசட் கெட்டுவிட்டதென்று சண்டைக்கு வருவார்கள். அதனால் எனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவேன். இந்த வழக்கத்தை எனக்குக் கற்றுத் தந்தது, மிச்ச நாடாவோடு சண்டைக்கு வந்த ஒரு விசைப்படகுக்காரர்தான்.

"மீன் வாங்குனா நாங்க கொசுறு போடுறோம்ல, ஒனக்கு என்னய்யா வந்துச்சு?"

ரிப்பேர்

யூசுப் பாய்க்குத் துறைமுகத்தின் பக்கம் கயிறும் வலைச் சாமானும் விற்கும் கடை. ஒருநாள் கைலித் துணியில் சுற்றிய சின்ன இசைத்தட்டோடு வந்தார். அட்டையில் ஊதாவும் ஆரஞ்சும் சுழித்துக்கொண்டு ஓட, நடுவில் நரைத்த தலையோடு நாலு பேர். அதில் ஒருவர் அவர்.

மெட்ராஸில் படித்த காலத்தில் நாலு சிநேகிதர்கள் சேர்ந்து சைக்கடெலிக் ராக் என்ற மேல்நாட்டு இசைக்கு ஒரு குழு வைத்திருந்தார்களாம். இவர் டிரம்ஸ். மற்ற மூவரும் அமெரிக்கா போய்விட, இவரை வாப்பா கடைக்கு அழைத்துக்கொண்டார். இப்போது அந்த மூவரும் ஒன்றாக லீவில் வந்து கூப்பிட்டதும், சரக்கெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய் வாசித்திருக்கிறார். தட்டு வெளிநாட்டில் அச்சாகி வந்திருந்தது.

கேசட்டில் ஏற்றித் தரச் சொன்னார். போட்டேன். கிடார் தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்தது. குரல் கிணற்றுக்குள் சுற்றியது. மெஷினில் தட்டைச் சுழற்றும் பெல்ட் வழுக்குகிறதென்று பெல்ட்டை மாற்றினேன். மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். ஊசியையும் மாற்றினேன். மறுநாள் அவர் வந்தபோது மெஷின் மேசை முழுக்கக் கழன்று கிடந்தது. கழன்ற திருகு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அது பழுது இல்ல தம்பி. அதுதான் எங்க பாட்டு."

ஜமீலாவின் கேசட்

அவர் டிரம்ஸ் வாசித்த கதை ஜமீலாவுக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போகும்போது அதைப் பேச வேண்டாம் என்று வாப்பா சொல்லிவிட்டாராம். பிறகு சொல்ல நேரமே வாய்க்கவில்லை. ஒரே ஒரு தடவை தான் வாசித்ததை அவள் கேட்க வேண்டும் என்பது பாயின் ஆசை. இத்தனை நாள் மறைத்ததற்கு மனம் கசந்துபோவாளோ என்பது பயம்.

அப்போது ஜமீலா இஸ்லாமிய மார்க்கப் பாட்டுகள் பதியக் கொடுத்திருந்த கேசட் என் கடையில் இருந்தது. அதன் மிச்சத்தில் இதைப் போடச் சொன்னார் பாய். நான் தயங்கினேன். அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இந்த இரைச்சலா? என் மனைவி சரோஜா அன்றைக்கு இருந்தாள். சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"போட்டுக் குடுங்க. அவரு பொண்டாட்டிதானே கேக்கப் போவுது, ஊரா கேக்கப் போவுது?"

விரல்

அடுத்த வாரம் ஜமீலா கேசட்டோடு படியேறியபோது பாயும் கடையில்தான் இருந்தார். சட்டென்று திரைக்குப் பின்னால் போய்விட்டார். செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. அதை அந்த அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு, கேசட்டை என் முன்னால் வைத்தார். நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

"கடைசில ஒரு பாட்டுப் போட்டிருக்கீங்களே அண்ணே, பாடுறது ஒண்ணும் புரியல. ஆனா அந்தக் கொட்டு இருக்கே, நான் சோறு கொண்டாந்து வைக்கிறவரைக்கும் எங்க வீட்டு மேசையில தெனம் விரல்ல கேக்குற தட்டு அது. அவர வெளிய வரச் சொல்லுங்க."

பாய் துபாயிலேயே அடக்கமாகிவிட்டார். ஊர் திரும்பிய ஜமீலா அவ்வப்போது அந்தக் கேசட்டைச் சுத்தம் செய்யக் கொண்டுவருகிறார். இத்தனை வருடம் கடை நடத்தி நான் கண்டது, கேட்டு வாங்கிய பாட்டெல்லாம் புதுசாகவே இருக்க, கொசுறாகப் போட்டதுதான் தேய்ந்துபோகிறது என்பதே. தட்டு என் அலமாரியில் இருக்கிறது.