ஹனுல் என்றால் ஆகாசக் கலர்

"…கண்ணீருன்னு சொல்லி எவகிட்ட சேலை விக்க முடியும், சொல்லு பாப்போம். ராத்திரி, நெஞ்சு, கனவு, போகாதே. அஞ்சு பாட்டையும் சலிச்சாச்சு. முந்தானைக்கு ஒரு வார்த்தை உண்டுமா? ஜரிகைக்கு உண்டுமா?"

பரங்கிமலையிலிருந்து மாம்பலம் போகிற காலை ரயிலில், பெண்கள் பெட்டியில், அக்கா இப்படி அலுத்துக்கொண்டாள். இயர்போனின் ஒரு முனை அவள் இடது காதில், இன்னொன்று என் வலது காதில். கொரியாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டுக் கல்லூரிப் பெண் எங்களையே பார்த்தாள். ஐம்பது வயதுக்காரிகள் ரெண்டு பேர் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பார்க்கத்தானே செய்வாள்.

அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி ஆதம்பாக்கம் வந்து இருபத்தெட்டு வருஷமாகியும் பேச்சு மட்டும் இன்னும் ஊரிலேயே குடியிருக்கிறது. நான் மயிலாப்பூரில் பிறந்து, வாடகை விரட்ட விரட்ட அதே ஆதம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தவள். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பட்டு மாடியில் பதினோரு வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சேலை விரிக்கிறோம்.

உட்கார்ந்து என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். மற்ற மாடிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார ஸ்டூல் வந்துவிட்டது, உட்காரத்தான் நேரம் வரவில்லை. பட்டு மாடியில் மட்டும் பழைய பழக்கம். வெள்ளைத் துணி போட்ட மெத்தை, விற்பவரும் உட்காரலாம். அக்காவுக்கு வலது முழங்கால் மடங்காது. அதனால் அந்தக் காலை நீட்டி, வாடிக்கையாளர் முன்னால் கால் நீட்டினாள் என்று யாரும் சொல்லாதபடி, மேலே ஒரு சேலையை விரித்து மூடிக்கொள்வாள். அவளிடம் பட்டு வாங்கிய யாருக்கும் அந்தச் சேலைக்குக் கீழே ஒரு கால் இருந்தது தெரியாது.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரத்தில் மாடியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி வந்து சொன்னார். "கொரியாக்காரம்மாமாரு இப்ப நெறைய வாராவ. அவங்க பாஷையில நாலு வார்த்தை பேசுதவதான் பட்டுல இருக்கணும். இங்க ஒரு ஆள் கூடுதல். ஆடி முடிஞ்சதும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தி மூணாவது மாடிக்கு, பிள்ளைங்க உடுப்புக்குப் போயிரணும்."

மூணாவது மாடியில் மெத்தை கிடையாது. ஏணியில் ஏறிப் பெட்டி இறக்க வேண்டும், காலையிலிருந்து கடை மூடும்வரை நிற்க வேண்டும். "நாள் முச்சூடும் நின்னா இந்தக் கால் எனக்கு மாமியாரு ஆயிரும்ட்டி," என்றாள் அக்கா. "அது சொன்னதைத்தான் நான் கேக்கணும்." டாக்டரும் நிற்கிற வேலை கூடாது என்று சொல்லியிருந்தார். மூணாவது மாடி என்றால் அவள் வேலையை விட வேண்டியதுதான்.

நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அக்காவுக்கு அதுவும் வராது. போகப்போவது நான் இல்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அக்காவின் மகள் தரமணியில் படிக்கிறாள். அவள் போன் முழுக்கக் கொரியாப் பாட்டுதான். "கத்துக்குடுக்க எனக்குப் பொறுமை இல்லம்மா, பாட்டைப் போட்டுத் தரேன், கேட்டுக்கோ," என்று ஐந்து பாட்டை அக்கா போனில் ஏற்றிக் கொடுத்தாள். பாட்டு ஓடும்போது வார்த்தை இங்கிலீஷ் எழுத்தில் வரும், கீழே அர்த்தம் வரும். நான் கூட்டிப் படிப்பேன். அக்கா, சேலை மடிப்புக்குள் வைக்கிற அட்டையில் தமிழில் எழுதிக்கொள்வாள். ஹனுல் ஆகாசம். பதா கடல். பாம் ராத்திரி. பியோல் நட்சத்திரம். கொத் பூ. நாபி பட்டாம்பூச்சி.

தண்ணீர், சோறு, விலை, பெரிசு, சின்னது எதுவும் அந்தப் பாட்டுகளில் வரவில்லை. காதலிக்கிறவர்களுக்குப் பசிக்காது போலிருக்கிறது. இன்னொரு தொல்லை, அக்காவுக்கு வார்த்தை தனியாக வராது. மெட்டோடுதான் வரும். "ஆகாசத்துக்கு என்னக்கா?" என்று கேட்டால் பாட்டை முதலிலிருந்து முனகிக்கொண்டு வந்து, அந்த இடம் வந்ததும் "ஹனுல்" என்று நிற்பாள். சைதாப்பேட்டையில் கேட்ட கேள்விக்குக் கோடம்பாக்கம் தாண்டிப் பதில் வரும் என்று கிண்டல் செய்வேன். "நாம மாம்பலத்துலயே இறங்கிருவோமேட்டி," என்பாள் முகத்தை மாற்றாமல்.

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது, ஒரு மதியம், கொரியா அம்மா ஒருவர் தனியாக வந்தார். எங்கள் வயதுதான். கூட அவருடைய கார் டிரைவர், பையைத் தூக்கிக்கொண்டு. அண்ணாச்சி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் நான்தான் பேசினேன். பியூர் சில்க் மேடம், ஹேண்ட்லூம் மேடம், நியூ டிசைன் மேடம். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். பத்து சேலை விரித்தேன். பத்துக்கும் அதே தலையாட்டல். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"காஜிமா," என்றாள் அக்கா.

போகாதே என்று அர்த்தம். அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். டிரைவர் சிரித்துவிட்டான்.

"இன்னாக்கா, லவ்வருகிட்ட சொல்றத மேடம்கிட்ட சொல்லிக்கினு கீற?"

"எனக்குத் தெரிஞ்சது அதானே. உனக்கு என்ன தெரியும்?"

"நானு ரெண்டு வருசமா வண்டி ஓட்றேன்க்கா. லெஃப்ட்டு, ரைட்டு, நிறுத்து, அப்பால வண்டில ஓடுற லவ் பாட்டுல வர்ற இந்த காஜிமா. அவ்ளோதான்."

"அதை வெச்சுச் சேலை விக்க முடியாதுல்லா. சும்மா இரி."

அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்தார். அக்கா வாய்க்குள் முனக ஆரம்பித்தாள். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் வார்த்தை வர நேரமாகும். முனகிக்கொண்டே அடுக்கிலிருந்து வெளிர் நீலத்தில் ஒன்றை உருவி, அவர் மடிக்கு முன்னால் விரித்து, மெட்டு வந்து சேர்ந்ததும் நிறுத்தினாள். "ஹனுல்."

அவர் சேலையைத் தொட்டுப் பார்த்தார். "ஹனுல்," என்றார் அவரும்.

அதற்குப் பிறகு எனக்கே வேடிக்கையாக இருந்தது. நாங்கள் மட்டும் என்ன, பதினோரு வருஷமாக மயில் கழுத்து, மாம்பழம், வாடாமல்லி, தேன் என்றுதானே கலர் சொல்லி விற்றுக்கொண்டிருக்கிறோம். அக்கா அதையே செய்தாள். கருநீலத்தில் பொடிப் பொடியாக ஜரிகைப் புட்டா போட்டதை விரித்து, "பாம்," புட்டாவைத் தொட்டு, "பியோல்." பச்சையும் நீலமும் கலந்ததற்கு "பதா." கரையில் ஓடின தாமரைக்கு "கொத்." ஒவ்வொன்றுக்கும் முன்னால் கொஞ்சம் முனகல். மூன்றாவது சேலையில் அந்த அம்மாவும் கூடச் சேர்ந்து முனகினார், பாட்டு அவருக்கும் தெரிந்திருந்தது. மஞ்சளை எடுத்துக் காட்டி என்ன என்பதுபோல் பார்த்தார். அக்காவிடம் வார்த்தை இல்லை. "மாம்பழம்," என்றாள். "மாம்பலம்," என்று அவர் திருப்பிச் சொன்னார். டிரைவர் வாயைத் திறந்தான், அக்கா ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டான்.

ஆகாசம் ஒன்று, ராத்திரி ஒன்று, ரெண்டு சேலை எடுத்துக்கொண்டு அவர் போனார்.

அண்ணாச்சி வந்தார். "கச்சேரி முடிஞ்சுதா?" என்றார். பிறகு, "நீ இங்ஙனயே இரி," என்றார் அக்காவிடம்.

"அப்ப மூணாவது மாடிக்கு, அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நீதான். ஒனக்குக் கால் நல்லாத்தான இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அக்காவின் கால் எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

நான் விரித்த பத்துச் சேலைகளை மடிக்க ஆரம்பித்தேன். அக்கா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். பத்தும் மடித்து முடிந்ததும் இடுப்பிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள்.

"பிள்ளைங்க உடுப்புல பூவும் பட்டாம்பூச்சியும்தான்ட்டி கூடுதல் இருக்கும். எனக்கு ஆகாசமும் கடலும் போதும்."

நட்சத்திரம் ரெண்டு பேருக்கும் வேண்டியிருக்கும் என்று, ஆகாசம் இருந்த பாதியில் அதை இன்னொரு தடவை எழுதிக்கொண்டாள். பிறகு அட்டையை நீட்டின காலின் மேல் வைத்து மடித்து, நகத்தால் கீறி, ரெண்டாகக் கிழித்து, பூ இருந்த பாதியை என் மடியில் போட்டாள்.