இஸ்திரியக்கா போட்ட சண்டை

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளுக்குப் பெயர் இஸ்திரியக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். துவைத்து வந்த விரிப்புகளைச் சூடான பெரிய உருளைக்குள் செலுத்துவதும், மறுபக்கம் வந்து விழுவதை மடித்து அடுக்குவதும் அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம். மேற்பார்வையாளரே அவளிடம் பேச வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வருவார். ஆனால் சபைக்குள் நுழைந்துவிட்டால் ஆள் பூனை. போதகர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அந்த விசுவாசம் அவளுக்குப் பெற்றவர்கள் கொடுத்ததல்ல. கல்யாணத்துக்குப் பிறகு கணவரும் அவளுமாகத் தேடிக் கண்டடைந்தது. எந்தக் காரியமானாலும் இரண்டு பேரும் கட்டிலோரம் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, வழி காட்டும்" என்று கேட்காமல் அடியெடுத்து வைக்க மாட்டார்கள். இந்த வேலை அப்படிக் கேட்டுக் கிடைத்ததுதான். இனிப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் கைவிரித்தபோதும், அழுது தீர்த்துவிட்டு, ஆண்டவர் நடத்துகிறபடி நடக்கட்டும் என்று எழுந்தவர்கள்தான்.

கணவர் பேக்கரியில் மாஸ்டர்; எல்லாருக்கும் அவர் ரொட்டிக்காரர். அதிர்ந்து பேசாத மனுஷர். அவருக்கு வாலிபத்திலேயே வலிப்பு வந்திருந்தது. காலையும் மாலையும் மாத்திரை போட்டுக்கொள்வார். அதை ஒரு வேளைகூடத் தவறவிடாததால், கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வலிப்பு வந்து அவள் பார்த்ததே இல்லை.

வினை ஓர் உபவாச ஜெபத்தில் வந்தது. போதகர் அவர் தலையில் கைவைத்து உரத்த குரலில் சொன்னார்: "மகனே, இந்த வியாதி இன்னையோட உன்ன விட்டுப் போச்சு. இனிமே உனக்கு மாத்திரை வேண்டாம்னு கர்த்தர் சொல்றார்!"

சபை முழுக்கக் கைதட்டியது. ரொட்டிக்காரர் குழந்தை மாதிரி அழுதார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாத்திரைகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "ஏம்மா, கேட்டியா? நம்ம ஜெபம் கேக்கப்பட்டிருச்சு" என்றார்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவளுக்கோ வயிற்றைப் பிசைந்தது. அவர் குளிக்கப் போனதும் கூடைக்குள் கையை விட்டு மாத்திரை அட்டையை வெளியே எடுத்தாள். எடுத்துவிட்டு, திருடியவள் மாதிரி விழித்துக்கொண்டு நின்றாள். இது அவிசுவாசம், சாத்தானுடைய வேலை என்று தன்னையே அதட்டிக்கொண்டு, திரும்பக் கூடையிலேயே போட்டாள்.

கொஞ்ச நாள் ஒன்றும் ஆகவில்லை. போதகர் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்தார். அதன் பிறகு ஒரு மத்தியானம், பேக்கரியில் அடுப்பின் கதவைத் திறந்து தட்டை வெளியே இழுத்தபோது அவருக்கு வலிப்பு வந்தது. வலது கை முழங்கைவரை அந்தக் கொதிக்கும் தட்டின்மேல் கிடந்தது. கூட வேலை செய்தவர்கள் ஓடிவந்து தூக்குவதற்குள் தோல் தட்டோடு ஒட்டிப் போயிருந்தது.

அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார்கள். தீக்காயப் பிரிவின் விரிப்புகள் தனிப் பையில்தான் சலவைக்கு வரும். அந்தக் கறைகளை அவள் வருடக்கணக்காகப் பார்த்தவள். இப்போது எந்தப் பை வந்தாலும், இதில் அவருடையது எது என்று கண் தேடியது. கையைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இரண்டு விரல்கள் மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. இனி மாவு பிசைய முடியாது.

போதகர் பார்க்க வந்தார். ஜெபித்தார். கிளம்பும்போது வராந்தாவில் அவளைத் தனியே நிறுத்தி, "விசுவாசத்துல எங்கயோ ஓட்டை விழுந்திருக்கும்மா. யோசிச்சுப் பாருங்க" என்றார்.

அவளுக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. நேராகச் சலவைப் பிரிவுக்குப் போய் உருளையை ஓடவிட்டாள். அந்த இரைச்சலில் யார் என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. ஆண்டவரை ஒரு பிடி பிடித்தாள். 'நீர்', 'உம்முடைய' எல்லாம் பறந்துவிட்டது. வீட்டு ஆளிடம் சண்டை போடுகிற மாதிரி போட்டாள்.

"எத்தன தடவ முழங்கால் போட்டோம்? வழி காட்டுங்க, வழி காட்டுங்கன்னு எத்தன தடவ கேட்டோம்? அந்தாளு உங்க பேரச் சொல்லிப் பொய் சொன்னப்ப எங்க போயிருந்தீங்க? எனக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாயில என்ன வச்சிருந்தீங்க?"

இதையே தினமும் கேட்டாள். விரிப்பை உருளைக்குள் தள்ளத் தள்ளக் கேட்டாள். ஒரு நாள் அப்படித் தள்ளிக்கொண்டிருக்கும்போது, கை அப்படியே நின்றது. அன்றைக்கு அந்தக் கை எதற்காகக் குப்பைக்கூடைக்குள் போயிற்று? மாத்திரையை எடு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனாலும் எடுத்தாளே! வயிற்றைப் பிசைந்ததே, அது என்ன? ஆண்டவர் சொல்லத்தான் சொல்லியிருக்கிறார். மைக்கில் கத்தியவனின் சத்தத்தைக் கர்த்தர் என்று நம்பி, அடிவயிற்றில் முனகியதைச் சாத்தான் என்று துரத்தியிருக்கிறாள்.

உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்தபோது கோபம் தணியவில்லை. ஆளை மட்டும் மாற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் வழக்கம்போல, "சாட்சி சொல்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்றார். பூனை எழுந்து மைக்கின் முன் போய் நின்றது.

"என் வீட்டுக்காரருக்கு மாத்திரை வேண்டாம்னு கர்த்தர் சொன்னதா ஐயா சொன்னார். கர்த்தர் அப்படிச் சொல்லல. ஐயாதான் சொன்னார். என் வீட்டுக்காரர் கை வெந்துச்சு. அப்புறம் ஐயாவே எங்க விசுவாசத்துல ஓட்டைன்னு சொன்னார். ஐயாவ ஒண்ணு கேக்கறேன். சபைச் சாப்பாட்டுக்கு உக்காரும்போதெல்லாம் உங்க வீட்டம்மா உங்க கையில சுகர் மாத்திரையக் குடுக்கறாங்களே, அத எப்ப குப்பையில போடப் போறீங்க?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதகரின் முகம் கறுத்தது. "சகோதரி, போய் உக்காருங்க" என்றார்.

"உக்காரத்தான் போறேன். எந்திரிச்சுப் போயிடுவேன்னு நெனைக்காதீங்க. இது எங்க அப்பன் வீடு."

சொன்னபடி முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அதே இடம்தான். சபையில் பாதிப் பேர் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். கணவருக்கே சங்கடம். அவர் மறுபடி மாத்திரை போட ஆரம்பித்திருந்தார். பேக்கரியில் அவருக்கு விற்பனைப் பக்கம் வேலை கொடுத்திருந்தார்கள். "நானும்தான நம்பினேன்? என் மேலயும் தப்பு இருக்கு" என்பார். "உங்க தப்ப நீங்க சுமங்க. அவர் தப்பையும் சேத்து ஏன் சுமக்கறீங்க?" என்று அவள் சீறுவாள்.

ஒரு சாயங்காலம் போதகர் தனியாக வீட்டுக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். ரொட்டிக்காரர் இடது கையால் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். போதகர் அதை வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டே, "உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லி கர்த்தர் என்கிட்ட பேசினார்" என்று ஆரம்பித்தார்.

அவள் பொங்கிவிட்டாள். "மறுபடியுமா? கர்த்தர் சொல்லலன்னா கேக்க மாட்டீங்களா? அவர எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? தப்புப் பண்ணது நீங்க. உங்க வாயால, உங்க பேர்ல கேளுங்க!"

போதகர் தலை குனிந்தார். பிறகு ரொட்டிக்காரரின் மடங்கிய விரல்களைப் பார்த்து, "எனக்கு எதுவும் கேக்கலய்யா அன்னைக்கு. எல்லாரும் எதிர்பாத்து நின்னாங்க. நானா சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிருங்க" என்றார்.

ரொட்டிக்காரர் அவர் தோளைத் தொட்டார். அவர் மன்னிக்க அவ்வளவு நேரம்தான் பிடித்தது. அவள் மட்டும், "என்னால இன்னைக்கு முடியாது. பொய் சொல்ல எனக்கு வராது. இதையே சபையில எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, முதல்ல" என்றாள்.

அடுத்த ஞாயிறே போதகர் சொன்னார். யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம் என்றும், தான் சொன்னது கர்த்தருடைய வார்த்தை அல்ல என்றும், மேடையில் நின்று, ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். அன்றைக்கே இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மனம் இளகவில்லை.

சில மாதங்கள் கழித்து, போதகருக்குக் காலில் புண் ஆறாமல் அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நல்லா வேணும் என்று முதலில் நினைத்தாள். விரிப்பை மடித்துக்கொண்டிருந்தவளுக்கு, அடிவயிற்றில் அதே பிசைவு. போய்ப் பார், அவருக்காக ஜெபி என்று அது நச்சரித்தது. இந்தத் தடவை அது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

"இதுக்கு மட்டும் நல்லா பேசறீங்க!" என்று ஆண்டவர்மேல் எரிந்து விழுந்தாள். விரிப்பை அப்படியே போட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள்.