இடது பக்கத்து ஸ்டியரிங்

பிள்ளைகளே, நம் வீட்டு வாசலில் நிற்கும் பச்சைக் காரைப் பற்றி என்னிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டீர்கள். "அப்பா, உங்களுக்கு வேற காரே கிடைக்கலையா?" என்பாள் பெரியவள். சின்னவனோ, பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கூடுகிறது என்று ஒரு தெரு தள்ளியே நிறுத்தச் சொல்வான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் ஏழாவதோடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தமிழைவிட பர்மியப் பேச்சுதான் சுளுவாக வருகிறது என்பதும் தெரியும். மெதுவாக வாசியுங்கள், அவசரமில்லை.

அப்போது நான் ரங்கூன் லத்தா பேட்டையில் ஒரு சீன முதலாளியின் மொத்தக் கடையில் டிரைவர். காய்ந்த மிளகாய், பருப்பு, பூண்டு எல்லாம் அங்கிருந்து வெளியே போகும். ஞாயிற்றுக்கிழமை கடை வண்டியை எடுத்துக்கொள்ள முதலாளி விடுவார். அன்றைக்கு உங்கள் அம்மா கடையில் மிளகாய் மூட்டை எடுத்து, பாலம் தாண்டி தன்லியின் என்ற ஊரில் உள்ள சின்னச் சின்னக் கடைகளுக்குப் போடுவாள். அந்த வியாபாரம் அவளுடையது. நான் ஓட்டுவேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வழி பார்ப்பாள்.

வழி பார்ப்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். நம் ஊரில் வண்டிகள் சாலையின் வலது பக்கமாகப் போகும். ஆனால் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை, ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். ஆக, ஓட்டுகிறவன் சாலை ஓரத்துச் சாக்கடைப் பக்கம் உட்கார்ந்திருப்பான். முன்னால் ஒரு பஸ் போனால் அதன் முதுகைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது. எதிரே வருவது தெரிவது இடது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்து "போலாம்" என்றால் முந்துவோம். பஸ்ஸில் அதற்கென்று ஒரு ஆள் தொங்கிக்கொண்டு வருவான். எங்கள் வண்டியில் உங்கள் அம்மாதான்.

ஒரு ஞாயிறு நீங்களும் பின்னால் மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்தீர்கள். சின்னவன் அப்போது கைக்குழந்தை, பெரியவள் மடியில் இருந்தான். தன்லியின் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் வெகுநேரமாக ஊர்ந்துகொண்டிருந்தோம். அம்மா பார்த்தாள், "போலாம்" என்றாள். நான் வெளியே எடுத்தேன். சாலை வளைவில் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு லாரி வந்துவிட்டது. நான் எதிர்ப்பக்க மண்ணில் வண்டியை இறக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மூட்டை மட்டும் விழுந்து சாலை முழுக்க மிளகாய். நீங்கள் இருவரும் தும்மிக்கொண்டே சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அம்மா சிரிக்கவில்லை. அந்த லாரி அவளுக்கும் தெரிந்திருக்க முடியாது என்று நான் பலமுறை சொன்னேன். அதற்குப் பிறகு "போலாம்" என்ற சொல் அவள் வாயிலிருந்து வருவதே நின்றுபோயிற்று. சாலை கண்ணுக்கெட்டிய தூரம் காலியாக இருந்தால் மட்டும் தலையை ஆட்டுவாள். இரண்டு கையையும் டாஷ்போர்டில் ஊன்றிக்கொண்டு வருவாள். வண்டியைக் கழுவும்போது அந்த இடத்தில் வியர்வையில் படிந்த இரண்டு உள்ளங்கைத் தடம் இருக்கும். துடைப்பேன். அடுத்த ஞாயிறு மறுபடி இருக்கும்.

இனி காருக்கு வருகிறேன்.

தன்லியினில் மிளகாய் வாங்கும் கடைக்காரப் பர்மிய அம்மா ஒருவர் இருந்தார். கணவர் காலமாகிவிட்டார். வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையில் அவர் சேர்த்து வைத்த மூன்று கார்கள் வருஷக்கணக்காக நின்றன. அந்த இடத்தை விற்க வேண்டி வந்தது. நான் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவன் என்பதும், உங்கள் மாமா நம் தாகேதாவிலேயே வண்டிகளுக்குப் பாடி வேலை செய்கிறவர் என்பதும் அந்த அம்மாவுக்குத் தெரியும். ஒரு நாள், மெக்கானிக்குக்குக் கொடுக்கும் மரியாதையோடு என்னைக் கூப்பிட்டார்.

"சயா, மூணுல ரெண்டை ஓட வெச்சுக் குடு. நான் வித்துக்கறேன். ஒண்ணை நீ எடுத்துக்க, அதான் உன் கூலி. எதுன்னு நீயே பொறுக்கு. ஆனா மழைக்கு முன்னாடி சொல்லிடணும்."

நம் ஊரில் அந்தக் காலத்தில் கார் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்கு இப்போது புரியாது. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

முதல் வண்டி, 'நாலு சக்கரம்' என்றே ஊரார் கூப்பிடும் குட்டி நீல வண்டி, முன்பு டாக்சியாக ஊரெங்கும் ஓடியதே, அது. பின்னால் ஆள் உட்கார எதிரெதிர் பலகை. இரண்டாவது, ஆங்கிலேயச் சின்ன சலூன், கிழவர் மாதிரி அமைதியாக நின்றது. இரண்டுக்கும் ஸ்டியரிங் வலது பக்கம். மூன்றாவதுதான் இது.

முதலில் பார்த்தபோது மேலே கோழி உட்கார்ந்திருந்தது. முன் பானெட் ஒரு கட்டில் நீளம். பின்பக்கம் குட்டை, கூரை பின்னால் சரிந்து வால்வரை ஒரே கோடாக இறங்கியது. இரண்டே கதவு. பிராண்ட் எழுத்தை யாரோ பிடுங்கிப் போயிருந்தார்கள், ஓட்டைகள் மட்டும் இருந்தன. உள்ளே எட்டு சிலிண்டர் எஞ்சின். அமெரிக்காவில் வாலிபப் பிள்ளைகள் வேகத்துக்காகவே வாங்கும் வகையாம். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் கணவர் வாங்கினாராம். நான் கைலி நுனியால் கதவில் ஒரு சாண் அளவுக்குத் தூசியைத் துடைத்தேன். அடியில் வாழைக்குருத்துப் பச்சை. கொஞ்ச நேரம் அந்த ஒரு சாணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெட்ரோல் குடிக்கறதுல இதப் பாக்கறப்ப எங்க வீட்டுக்காரரே பரவாயில்ல" என்றார் அந்த அம்மா. "புரோக்கர் சொல்லிட்டான், இதை யாரும் வாங்க மாட்டாங்களாம். லைசன்ஸும் நம்பர் பிளேட்டும் போதும், வேற வண்டிக்கு மாட்டிக்கறேன், தகரத்தை வெட்டி எடைக்குப் போட்டுக்கறேங்கறான்."

என் மனசுக்குள் வெட்டு விழுந்தது. காரணம் சொல்லத் தெரியாது. அவ்வளவு அழகாக மனிதன் செய்த ஒரு பொருளை நான் அதுவரை தொட்டதில்லை.

நாளைக்கு நீங்களும் பழைய வண்டி ஒன்றைப் பொறுக்க நேரலாம், அதற்காகச் சொல்கிறேன். பெயிண்டைப் பார்க்காதீர்கள். மாமா ஒரு காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு வந்தார். காந்தம் ஒட்டாத இடத்தில் அடியில் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். அமெரிக்கக் காரில் எல்லா இடத்திலும் டக் டக்கென்று ஒட்டியது. நீல வண்டியில் பாதி இடத்தில் வழுக்கி விழுந்தது. அடுத்து, வண்டியைத் தாங்குகிற சேசிஸ் கம்பி. மாமா படுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுத்தியால் தட்டித் தட்டிக் கேட்டார். "எலும்பு நல்லாருக்கு அத்தான். தரைதான் இல்ல. காலால ஓட்டிக்கிட்டே போலாம்" என்றார். கடைசியாகக் கண்ணாடி. தகரத்தை ஒட்டிவிடலாம், அந்தக் காரின் கண்ணாடி உடைந்தால் ரங்கூன் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஐந்து கண்ணாடியும் முழுசாக இருந்தன.

இவ்வளவும் பார்த்துவிட்டு நான் நீல வண்டியை எடுப்பதாக முடிவு செய்தேன். அதில் மூட்டை ஏற்றலாம், மற்ற நாளில் ஆள் ஏற்றிச் சம்பாதிக்கலாம், எண்ணெய் கொஞ்சம்தான் குடிக்கும். ஞாயிறுதோறும் முதலாளி வண்டியை எதிர்பார்க்க வேண்டாம். எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் அதுதான் வந்தது. மாமாவும் தலையாட்டினார், ஆனால் பச்சைக் காரின் பக்கம் திரும்பாமல் ஆட்டினார்.

சொல்லிவிட்டு வரலாம் என்று அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமா கொட்டகையைத் திறந்து, மூன்று வண்டியையும் ரோட்டோரத்துக்குத் தள்ளி, பச்சைக் காரை முதலில் வைத்து வரிசையாக நிறுத்தியிருந்தார்.

"நீலந்தான் நமக்கு" என்றேன். அம்மா நீல வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பலகையைத் தட்டினாள். "சரிங்க" என்றாள். அந்தச் சரியில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை.

"வெட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா இதுலயும் உக்காந்து பாத்துடுங்க" என்று மாமா பச்சைக் காரைக் காட்டினார்.

எங்கள் இருவருக்கும் எந்தப் பக்கம் யார் என்று யோசிக்கவே தோன்றவில்லை. நான் பழக்கப்படி வலது கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அம்மா இடது கதவைத் திறந்து உட்கார்ந்தாள். நான் கையை நீட்டினேன், ஸ்டியரிங் இல்லை. பார்த்தால் அவள் மார்புக்கு முன்னால் இருக்கிறது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள்.

மாமா காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அத்தான், டிரைவர் வேலை போச்சு. அக்கா, நேரா பாலத்துக்கு விடு. அத்தான் மிளகா மூட்டை தூக்குவாரு."

"சும்மா இருடா" என்றாள் அம்மா. ஆனால் இறங்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லைன் பஸ் வந்து எங்களுக்கு முன்னால் நின்றது. அவள் கொஞ்சம் சாய்ந்தாள். தலையை வெளியே நீட்டாமலே பஸ்ஸைத் தாண்டி அப்பால் வருகிற சைக்கிளைப் பார்த்தாள்.

"ஏங்க, இது ஓட்டுறவங்க எடமா?"

"ஆமா."

"அப்ப நான் எங்க உக்காரணும்?"

"நான் இருக்கற எடத்துல."

"அங்கருந்து என்ன தெரியுது?"

நான் பார்த்தேன். "சாக்கடை தெரியுது. ஒரு எருமை தெரியுது."

"எதிர வர்றது?"

"தெரியாது. நான் பாத்துக்குவேன்."

"என்னைக் கேக்க வேணாமா?"

"எதுக்கு? எனக்கே தெரியுமே."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, சந்தையில் மீன் பேரம் முடிக்கிற குரலில், "இதையே எடுங்க" என்றாள்.

"மூட்டை?"

"பின்னால தெறந்து காட்டுடா" என்றாள் மாமாவிடம். மாமா டிக்கியைத் திறந்தார். கோழி ஒன்று முட்டையை விட்டுவிட்டு ஓடியது. அம்மா கையால் அளந்தாள். "நாலு மூட்டை போகும். நீலத்துல எட்டு போகும். ரெண்டு நடையாப் போவோம்."

"எண்ணெய்?"

"அதெல்லாம் நீங்களும் இவனும் பாருங்க. இனிமே என்னால 'போலாம்' சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு தரம் தலையாட்டறப்பவும் பிள்ளைங்க தும்மறது கேக்குது."

இத்தனை நாளும் அவள் அதை என்னிடம் சொன்னதே இல்லை. மாமா காந்தத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கடைக்கார அம்மாவிடம் நான் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் பெண்டாட்டிகிட்ட கேட்டியா?" என்றார். "அவதான் சொன்னா, ஆன்ட்டி" என்றேன். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, மூன்று பேருக்கும் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

மற்ற இரண்டையும் முதலில் ஓட வைத்துக் கொடுத்தோம். பிறகு பச்சைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தோம். எண்ணெய் டிரம்மை வெட்டி, தட்டி, தரையாக்கினார் மாமா. அந்தச் சுத்தியல் சத்தம்தான் நீங்கள் கேட்டு வளர்ந்த சத்தம். எட்டு சிலிண்டரையும் ஒரே ஒரு நாள் ஓட வைத்தோம். தெருவே வந்து நின்றது. தண்ணீர்ப் பானை மூடி அதிர்ந்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இருந்த பெட்ரோல் அன்றைக்கே தீர்ந்தது. அப்போதைய அரசாங்க ரேஷன் கூப்பனுக்கு வாரம் சில காலன்தான் கிடைக்கும், அதை வைத்து அது தெருமுனை கூடப் போகாது. ஆகவே அந்த எஞ்சினை இறக்கி எண்ணெய் பூசித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பழைய பிக்கப்பின் டீசல் எஞ்சினை வைத்தோம். "சிங்கத்துக்கு ஆட்டுக் குடல் வெச்சாச்சு" என்றார் மாமா. மற்ற நாட்டில் இப்படிச் செய்தால் திட்டுவார்களாம். திட்டட்டும். மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு மாறவில்லை, அதன் கண்ணாடி அதன் கண்ணாடிதான், ஸ்டியரிங் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதல் ஞாயிறு நாலு மூட்டையோடு போனோம். தன்லியின் ரோட்டில் முன்னால் ஒரு பஸ். எதிரே யாருமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. இருந்தும் பழக்கதோஷம், அம்மா சொல்லட்டும் என்று பின்னாலேயே போகிறேன்.

"என்னங்க, பஸ்ஸு நம்ம சொந்தக்காரங்களா?" என்றாள்.

முந்தினேன். அவள் சாலையைப் பார்க்கவில்லை, ஓரத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது நடை முடிந்து திரும்பும்போது பாலத்து மேலே பேச்சுச் சத்தம் நின்றது. பார்த்தால் தூங்கிவிட்டாள். கழுத்து சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, கை இரண்டும் மடியில். வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தாகேதா வரும்வரை நான் ஹார்ன் அடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், வாசலுக்கு ஓடி வந்த நீங்களும் அம்மாவும் உள்ளே போனீர்கள். நான் மறுபடி வெளியே வந்து வலது கதவைத் திறந்து, அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தேன். டாஷ்போர்டில் தன்லியின் ரோட்டுத் தூசு கலையாமல் படிந்திருந்தது, கைத்தடம் இல்லை. கால் நீட்ட மட்டும் இடம் போதவில்லை. இருக்கைக்கு அடியில் தண்டவாளத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, கம்பியை இழுத்து, இருக்கையை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தேன்.